ஆர்க்கிட் வளர்ப்பு ஆலோசனை: எதை நம்பலாம், எதற்குக் காசு கொடுக்கலாம்

வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்றினால் போதும் என்பதுதான் ஆர்க்கிட் பற்றி எங்கும் உலவும் ஆலோசனை. அது சரியா தவறா என்று கேட்டால், இரண்டும்தான். கூடையில் வேரைத் தொங்கவிட்டு வளரும் வாண்டாவுக்கு வெயில் நாளில் தினமும் தண்ணீர் வேண்டும். வாரம் ஒருமுறை என்று விட்டால் வேர் சுருங்கி, கீழிலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். ஸ்பேக்னம் பாசியை இறுக்கி அடைத்த பிளாஸ்டிக் தொட்டியில், வெளிச்சம் குறைந்த குளிர்ந்த அறையில் இருக்கும் ஃபெலனாப்சிஸுக்கோ அதே வாரம் ஒருமுறை அதிகம், வேர் அழுகிவிடும். இலையுதிர்த்து ஓய்வில் இருக்கும் கேட்டசீட்டத்துக்கு அந்த மாதங்களில் ஏறக்குறையத் தண்ணீரே வேண்டாம்.

சுமார் 28,000 சிற்றினங்கள் கொண்ட குடும்பம் இது. மரக்கிளையில் தொற்றி வளர்வதும் உண்டு, பாறையில் ஒட்டி வளர்வதும் உண்டு, காட்டுத் தரையில் மக்கிய இலைக்குள் வேர்விடுவதும் உண்டு. அதனால் "ஆர்க்கிட்டுக்கு" என்று பொதுவாகத் தொடங்கும் வாக்கியத்தை யார் சொன்னாலும், எந்த ஆர்க்கிட்டுக்கு என்று திருப்பிக் கேளுங்கள். நம்பத்தக்க ஆலோசனையில் எந்தச் செடி, எந்தச் சூழல், என்ன காரணம் என்ற மூன்றும் இருக்கும். அது உங்கள் செடிக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஓர் அடையாளமும் சொல்லியிருப்பார்கள். இலவசக் குறிப்பானாலும் கட்டண மின்னூலானாலும் காணொளி வகுப்பானாலும் இதுவே அளவுகோல்.

முதலில் உங்கள் செடியைப் பற்றி எழுதுங்கள்

தன் செடி எந்தப் பேரினம் என்றே தெரியாமல் ஆலோசனை தேடுகிறவருக்கு எல்லா ஆலோசனையும் பொருத்தமாகத்தான் தெரியும். எனவே தேடலை ஒரு தாளில் தொடங்குங்கள்.

பேரினம் தெரியாவிட்டால் வளரும் விதத்தைப் பாருங்கள். ஒரே தண்டு மேல்நோக்கி வளர்ந்து, உச்சியில் புது இலை விட்டுக்கொண்டே போனால் அது ஃபெலனாப்சிஸ், வாண்டா வகை. பக்கவாட்டில் நகர்ந்து, ஒவ்வொரு பருவத்திலும் புதுத் தண்டோ பருத்த குமிழோ விட்டால் டென்ட்ரோபியம், கேட்லியா, ஆன்சிடியம் வகை. இந்த ஒரு வேறுபாடே பாதி ஆலோசனைகளை வடிகட்டிவிடும். குமிழ் உள்ளவை தண்ணீரைச் சேமித்து வைத்துக்கொள்ளும், சில நாள் காயலாம். குமிழ் இல்லாத பேஃபியோபெடிலத்தை முழுக்கக் காயவிடக் கூடாது.

அடுத்து, செடி எதில் நிற்கிறது: மரப்பட்டைத் துண்டு, பாசி, கரி, வெறும் கூடை. தொட்டியின் வாய் எத்தனை சென்டிமீட்டர், துளை எத்தனை. ஏழு நாளுக்கு அந்த இடத்தின் பகல் உச்ச வெப்பம், இரவு குறைந்த வெப்பம். நண்பகலில் இலை மட்டத்தில் வெளிச்சம் எத்தனை லக்ஸ். கைபேசிச் செயலி துல்லியமாகக் காட்டாது, ஆனால் 3,000க்கும் 15,000க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டிவிடும். கடைசியாக எப்போது தொட்டி மாற்றினீர்கள், என்ன உரம், எவ்வளவு.

இந்தத் தாளுக்கு இன்னொரு பயனும் உண்டு. "இலை மஞ்சளாகிறது, என்ன செய்ய?" என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். உடனே மருந்துப் பெயர் சொல்பவரை விடுங்கள். எந்த இலை, அடியிலிருக்கும் பழைய இலையா நுனியிலிருக்கும் புது இலையா, வேர் எப்படி இருக்கிறது, எதில் நட்டிருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பவரே விஷயம் தெரிந்தவர். ஃபெலனாப்சிஸில் அடியிலை ஒன்று மெல்ல மஞ்சளாகி உதிர்வது முதுமை. அதற்கு மருந்தே கிடையாது. நடுக்குருத்து கருத்து, இழுத்தால் கையோடு வந்தால் அது அழுகல். இரண்டையும் பிரித்துக் கேட்காமல் பதில் சொல்ல வழியில்லை.

தண்ணீரைப் பற்றி ஒரு நல்ல ஆலோசனை எப்படி இருக்கும்

"மரப்பட்டையில் இருக்கும் ஃபெலனாப்சிஸுக்கு, தொட்டிக்குள் தெரியும் வேர்கள் வெள்ளி நிறத்துக்கு மாறிய பின், தொட்டியைத் தூக்கினால் லேசாக இருக்கும்போது, துளை வழியாக ஓடும் அளவுக்கு ஊற்றி முழுக்க வடியவிடுங்கள்." இதில் நாள் கணக்கு எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

காரணத்தை வேரிலேயே பார்க்கலாம். தொற்றி வளரும் ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றி வெலாமன் என்ற உறை இருக்கிறது. உயிரற்ற செல்களாலான பஞ்சு அது. காய்ந்திருக்கும்போது செல்களில் காற்று நிற்பதால் வெள்ளி போல் தெரியும். தண்ணீர் பட்டதும் உறிஞ்சிக்கொண்டு கண்ணாடி போலாகிவிடும்; உள்ளிருக்கும் பச்சையம் வெளியே தெரியும். காய்ந்த வேர் ஒன்றின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், விட்ட இடம் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாகும். வேர் பச்சையாக இருக்கும்போதே மறுபடி ஊற்றினால் பட்டைத் துண்டுகளுக்கு இடையில் காற்று புகாது. ஆர்க்கிட் வேர் அழுகுவது பெரும்பாலும் தண்ணீர் மிகுந்ததால் என்பதைவிட, காற்று இல்லாததால் என்பதே சரி. தண்ணீரில் கழுத்தளவு நனைந்தும் காற்றோட்டமான கூடையில் வாண்டா வேர் அழுகாமல் இருப்பது அதனால்தான்.

தண்ணீர் பற்றிய பக்கத்தில் இந்தக் காரணத்தைச் சொல்லாத வழிகாட்டி, தொட்டி மாற்றுவது பற்றியும் தெளிவாகச் சொல்லாது. பட்டை ஓரிரு ஆண்டில் மக்கித் தூளாகி, இடுக்குகள் அடைந்துவிடும். அதுவரை சரியாக இருந்த அதே தண்ணீர் அளவு, அதன் பிறகு வேரைக் கொல்லும். "இவ்வளவு நாள் நன்றாக இருந்தது, திடீரென்று வாடிவிட்டது" என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் மக்கிய பட்டைதான் இருக்கும். தண்ணீரையும் நடுகலவையின் வயதையும் சேர்த்துப் பேசுகிறதா என்பது நல்ல சோதனை.

பனிக்கட்டி வைத்துத் தண்ணீர் கொடுக்கும் முறையைச் சுற்றி நடக்கும் சண்டையிலும் ஒரு பாடம் கிடைக்கும். வெப்பமண்டலச் செடிக்குப் பனிக்கட்டியா என்று பலர் கொதிப்பார்கள். ஆனால் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகமும் ஜார்ஜியா பல்கலைக்கழகமும் சேர்ந்து சோதித்து 2017இல் ஹார்ட்சயன்ஸ் என்ற தோட்டக்கலை ஆய்விதழில் வெளியிட்டார்கள்: பட்டையில் இருந்த ஃபெலனாப்சிஸ்களில் வாரம் மூன்று கட்டிகள் வைத்தபோது பூ நிற்கும் காலம் குறையவில்லை. ஆகவே "பனிக்கட்டி செடியைக் கொன்றுவிடும்" என்பது மிகை. அதற்காக அதுவே சிறந்த முறை என்றும் ஆகாது. அந்த ஆய்வு முதன்மையாகப் பார்த்தது பூத்த செடி எவ்வளவு நாள் அழகாக நிற்கிறது என்பதை, அடுத்த ஐந்தாண்டு வளர்ச்சியை அல்ல. ஆய்வைச் சான்று காட்டும் வழிகாட்டியில் இந்த எல்லையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அளவுகளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

தோட்டக்கலை தெரியாமல் நாலு இடத்திலிருந்து எடுத்து ஒட்டியவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும் இடம் அலகு மாற்றம். ஒரு கணிப்பான் போதும்.

உரத்தை எடுத்துக்கொள்வோம். உறையில் 20-20-20 என்று இருந்தால் முதல் எண் தழைச்சத்தின் சதவீதம். ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிராம் கரைத்தால் 1,000 மில்லிகிராமில் 20 சதவீதம், அதாவது 200 பிபிஎம் (லிட்டருக்கு 200 மில்லிகிராம்) தழைச்சத்து. வாரம் ஒருமுறை உரமிடும் பெரும்பாலான ஆர்க்கிட்டுகளுக்கு 100 முதல் 150 பிபிஎம் தாராளம், ஆகவே லிட்டருக்கு அரை கிராமிலிருந்து முக்கால் கிராம். இப்போது வழிகாட்டியைப் பாருங்கள். "ஒரு லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி" என்று இருந்தால் அது ஏறக்குறைய 5 கிராம், 1,000 பிபிஎம். வேர்நுனி கருகும், இலைநுனி காயும், பட்டையின் மேல் வெள்ளை உப்புப் படியும். எப்படி இந்தத் தவறு வந்திருக்கும்? மூலத்தில் "ஒரு கேலனுக்கு ஒரு தேக்கரண்டி" என்று இருந்திருக்கும். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர். கேலனை லிட்டர் என்று மாற்றியவர் கரண்டியைக் குறைக்க மறந்துவிட்டார். அவர் அந்தத் தண்ணீரைத் தன் செடிக்கு ஒருமுறைகூட ஊற்றியிருக்க மாட்டார்.

வெளிச்சத்திலும் இதே கதை. பழைய குறிப்புகள் ஃபுட்கேண்டில் என்ற அலகில் இருக்கும். ஒரு ஃபுட்கேண்டில் சுமார் 10.8 லக்ஸ். ஃபெலனாப்சிஸுக்கு 1,000 முதல் 1,500 ஃபுட்கேண்டில் என்றால் சுமார் 11,000 முதல் 16,000 லக்ஸ். கேட்லியாவுக்கு 20,000 முதல் 30,000 லக்ஸ். "ஃபெலனாப்சிஸுக்கு 1,000 லக்ஸ் போதும்" என்று ஒரு பக்கத்தில் கண்டால் பத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைச் சொல்கிறார்கள். அந்த இருட்டில் செடி சாகாது, கரும்பச்சையாக, பார்க்கச் செழிப்பாகவே இருக்கும். பூ மட்டும் வராது. இப்படி மெதுவாகக் கெடுக்கும் தவறுதான் கண்டுபிடிக்கக் கடினமானது.

வெப்பத்தில் நுணுக்கமான ஒன்று இருக்கிறது. "இரவில் 10 டிகிரி குறைய வேண்டும்" என்ற வரியில் ஃபாரன்ஹீட்டா செல்சியஸா என்று இல்லாவிட்டால் கேளுங்கள். பத்து டிகிரி ஃபாரன்ஹீட் இறக்கம் என்பது ஐந்தரை டிகிரி செல்சியஸ்தான். அதுபோல "அக்டோபரில் உரத்தைக் குறையுங்கள்" என்று மாதப்பெயரோடு வரும் அட்டவணை வட அரைக்கோளத்துக் குளிர்நாட்டுக்கானது. தெற்கு அரைக்கோளத்தில் அது தலைகீழ், நிலநடுக்கோட்டுப் பக்கத்தில் பொருளே இல்லை. "இரவு வெப்பம் இவ்வளவுக்குக் கீழே போனதும்", "புதுத் தண்டு முற்றி இலை விடுவது நின்றதும்" என்று செடியையும் வெப்பமானியையும் வைத்துச் சொல்வதே எங்கும் செல்லும்.

புரட்டிய உடனே பார்க்க வேண்டிய பக்கங்கள்

முழு நூலையும் படிக்க நேரமில்லை என்றால் நான்கைந்து இடத்தை மட்டும் தேடிப் பாருங்கள். அங்கே தேறாவிட்டால் மற்ற பக்கங்களைப் படிக்கத் தேவையில்லை.

முதலில் விதை. ஆர்க்கிட் விதை தூசி போன்றது; முளைக்கருவுக்கு ஊட்டம் தரும் சேமிப்பு அதில் இல்லை. இயற்கையில் ஒரு பூஞ்சையின் துணையால்தான் முளைக்கிறது. 1922இல் லூயிஸ் நட்சன் சர்க்கரை சேர்த்த கூழில், பூஞ்சை இல்லாமலே முளைக்கவைத்துக் காட்டினார். அன்றுமுதல் கிருமி நீக்கிய குடுவைக்குள்தான் விதை வளர்ப்பு நடக்கிறது. அப்படி வளர்த்தாலும் ஃபெலனாப்சிஸ் பூக்க இரண்டு மூன்று ஆண்டு, கேட்லியாவுக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு. "விதையை மண்ணில் தூவி மூன்று வாரத்தில் முளைக்கவையுங்கள்" என்று எழுதியவருக்கு ஆர்க்கிட் தெரியாது. வானவில் நிற விதைப் பொட்டலத்தை அதனுடன் விற்கவும் செய்தால் அது ஏமாற்று. பளீர் நீல ஃபெலனாப்சிஸை "அரிய வகை" என்று படம் போட்டிருந்தாலும் அப்படியே: வெள்ளைப் பூவுக்குப் பூந்தண்டு வழியே சாயம் ஏற்றியது அது, அடுத்த முறை வெள்ளையாகத்தான் பூக்கும்.

அடுத்து, வெட்டும் கருவியைச் சுத்தம் செய்யும் பகுதி. சிம்பிடியம் மொசைக் வைரஸும் ஒடன்டோகுளாசம் வளையப்புள்ளி வைரஸும் உலகெங்கும் ஆர்க்கிட்டுகளில் பரவிக் கிடக்கின்றன. கத்தரியில் ஒட்டிய சாறு வழியாக ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும், வந்தால் குணப்படுத்த வழியில்லை. "ஆல்கஹாலில் துடைத்தால் போதும்" என்பது பாக்டீரியாவுக்குச் சரி, இந்த வைரஸ்களுக்கு நம்பத்தக்கதல்ல. செடிக்கொரு புதிய பிளேடு, அல்லது கத்தரி முனையை நெருப்பில் நன்றாகச் சுட்டு ஆறவைப்பது என்று எழுதியிருந்தால் எழுதியவர் செடிகளைப் பறிகொடுத்தோ படித்தோ கற்றவர். இந்தப் பகுதியே இல்லாத நூலும் உண்டு. பூந்தண்டை வெட்டச் சொல்லும் அத்தியாயம் மட்டும் நீளமாக இருக்கும்.

மூன்றாவதாக, சமையலறை மருந்துகள். இலவங்கப்பட்டைத்தூள் பூஞ்சையைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் அது திசுவை உலர்த்திவிடும். இலையில் வெட்டிய இடத்தில் தொட்டு வைக்கலாம், வேரின் மேல் கொட்டினால் நல்ல வேரும் காய்ந்துபோகும். "வேரை வெட்டி இலவங்கப்பட்டைத்தூளில் புரட்டுங்கள்" என்பதை அப்படியே நம்பாதீர்கள். பூண்டுச் சாறு, வாழைப்பழத்தோல் ஊறல், சர்க்கரைத் தண்ணீர் போன்றவற்றில் எந்தச் சத்து எவ்வளவு என்று யாரும் அளந்து சொல்வதில்லை. பட்டைக்குள் அது புளித்துப் பூஞ்சையையும் சிறு கொசுக்களையும் வளர்க்கும். காணொளியில் மறுவாரமே பூத்துக் குலுங்கும் செடி வேறு செடி.

நான்காவது, பூக்கவைக்கும் அத்தியாயம். மணிச்சத்து அதிகமுள்ள உரத்தைப் போட்டால் பூக்கும் என்பது இன்னும் சாகாத நம்பிக்கை. மணிச்சத்துக் குறை இல்லாத செடிக்கு மேலும் மணிச்சத்து போட்டால் பூ கூடாது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆர்க்கிட்டுகளுக்குச் செய்த உரமே 13-3-15. நடு எண்ணான மணிச்சத்து வெறும் மூன்று. ஃபெலனாப்சிஸைப் பூக்கத் தூண்டுவது வெப்பம். பகல் 28 டிகிரி செல்சியஸுக்கு மேலேயே நின்றால் இலைதான் விடும். 25 டிகிரிக்குக் கீழே சில வாரங்கள் இருந்தால் பூந்தண்டு எட்டிப் பார்க்கும். டென்ட்ரோபியம் நோபிலே வகைக்கு இன்னும் குளிர்ந்த, உலர்ந்த ஓய்வு வேண்டும். கிடைக்காவிட்டால் மொட்டு வரவேண்டிய கணுவில் குட்டிச்செடி முளைக்கும். அதே டென்ட்ரோபியம் பேரினத்தில், கடைகளில் அதிகம் கிடைக்கும் வெப்ப வகைக்கு இந்தக் குளிர் ஓய்வைக் கொடுத்தால் இலை கொட்டி நலிந்துவிடும். இரண்டையும் "டென்ட்ரோபியம்" என்று ஒரே பக்கத்தில் முடித்திருந்தால் அந்தப் பக்கத்தைப் பயன்படுத்த முடியாது.

"30 நாளில் பூக்கும், உத்தரவாதம்" என்ற வாக்குறுதியைச் செடியின் கடிகாரத்தோடு ஒப்பிட்டாலே போதும். பூந்தண்டு கண்ணில் தெரிந்த பிறகுகூட ஃபெலனாப்சிஸின் முதல் மொட்டு விரிய இரண்டரை மூன்று மாதம் ஆகும்.

காசில்லாமல் கிடைக்கும் நல்ல இடங்கள்

கட்டண வழிகாட்டியை மதிப்பிட ஓர் அடிப்படை வேண்டும், அது இலவசமாகவே இருக்கிறது. 1921இல் தொடங்கிய அமெரிக்கன் ஆர்க்கிட் சொசைட்டி பேரினம் வாரியாக வளர்ப்புக் குறிப்புகளைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஓரிரு பக்கம்தான். வெளிச்சம், வெப்பம், தண்ணீர், உரம், தொட்டி மாற்றம் என்று நேராகச் சொல்லும். உங்கள் பேரினத்துக்கான அந்தக் குறிப்பை முதலில் படியுங்கள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாத நூலுக்குக் காசு எதற்கு?

பெயரைச் சரிபார்க்க, இயற்கைச் சிற்றினம் என்றால் கியூ தாவரவியல் பூங்காவின் பிளான்ட்ஸ் ஆஃப் த வேர்ல்ட் ஆன்லைன் தளம். கலப்பினம் என்றால் ராயல் ஹார்டிகல்சுரல் சொசைட்டியின் பன்னாட்டு ஆர்க்கிட் பதிவேடு. பதிவேட்டில் கலப்பினத்தின் தாய் தந்தைப் பெயர்கள் வரும், இது வெறும் பெயர் ஆராய்ச்சி இல்லை. பெற்றோர் குளிர்மலைச் செடிகளா, சமவெளிச் செடிகளா என்று பார்த்தாலே அட்டையில் எழுதாத வெப்பத் தேவை தெரிந்துவிடும். பெயர்கள் வழிகாட்டியின் வயதையும் காட்டிக்கொடுக்கும். அஸ்கோசென்ட்ரம் இப்போது வாண்டாவுக்குள், டோரைட்டிஸ் ஃபெலனாப்சிஸுக்குள், சோஃப்ரானைட்டிஸ் கேட்லியாவுக்குள் சேர்ந்துவிட்டன. பழைய பெயர் இருப்பதாலேயே வளர்ப்பு முறை தவறாகிவிடாது. ஆனால் "இந்த ஆண்டுப் புதிய பதிப்பு" என்று விற்கும் நூலில் பழைய பெயர்கள் மட்டுமே இருந்தால் புதிதாக இருப்பது அட்டை மட்டும்தான்.

வெப்பமான, ஈரமான இடத்தில் வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சில் இருக்கும் ஆலோசனைகளில் பெரும்பகுதி, குளிர்நாட்டில் கண்ணாடிக்கூரைக்குள்ளும் ஜன்னலோரத்திலும் வளர்ப்பவர்கள் எழுதியது. ஈரப்பதத்தைக் கூட்டுவது, வெளிச்சத்தைக் கூட்டுவது எப்படி என்பதே அவர்கள் கவலை. வெயிலும் புழுக்கமும் உள்ள இடத்தில் சிக்கல் நேர் எதிர்: நிழல்வலை, காற்றோட்டம், இரவுக்குள் இலை காய்வது. அப்படிப்பட்ட இடங்களுக்கு, 1928 முதல் ஆர்க்கிட் கலப்பின வேலை நடக்கும் சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா போன்ற வெப்பமண்டலத் தோட்டங்களின் குறிப்புகளே நெருக்கமாகப் பொருந்தும்.

விற்பனையாளரின் ஆலோசனை நல்லதாகவும் இருக்கும், தன் பண்ணைக்கு மட்டும் பொருந்துவதாகவும் இருக்கும். கொஞ்சம் எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

படத்தைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளும் முன்

பூத்திருக்கும் செடியின் படம், அதைப் பிடித்திருப்பவர் நன்றாக வளர்த்தார் என்று நிரூபிக்காது. அந்தப் பூவைத் தீர்மானித்தது அதற்கு முன் பல மாதங்கள் பண்ணையில் நடந்த வளர்ப்பு. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபெலனாப்சிஸ் வீட்டில் ஆண்டுக்கு இரண்டு மூன்று இலைதான் விடும். இலைக்கக்கங்களில் காய்ந்த பழைய பூந்தண்டுகளின் அடிக்கட்டைகள் வெவ்வேறு உயரத்தில் தெரிந்தால், பல முறை பூத்த செடி. மேலிலைகள் கீழிலைகளைவிடப் பெரிதாக, அல்லது சமமாக இருந்தால் இப்போதைய இடம் அதற்குப் பிடித்திருக்கிறது. புது இலைகள் சிறுத்துக்கொண்டே போனால், பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் செடி இறங்குமுகம். தொட்டியின் விளிம்பில் புது வேர்களின் பச்சை அல்லது சிவப்பு நுனி தெரிகிறதா என்றும் பாருங்கள்.

கணினி உருவாக்கிய படங்கள் இப்போது ஏராளம். ஆர்க்கிட் பூவுக்கு மூன்று புல்லியிதழ், இரண்டு அல்லியிதழ், வேறு வடிவில் ஓர் உதடு. நடுவில் மகரந்தமும் சூலகமுடியும் ஒன்றாகச் சேர்ந்த தூண். ஆறு இதழும் ஒரே மாதிரி, நடுவில் தனித்தனி மகரந்தக் கம்பிகள் என்றால் எழுதியவர் தன் படத்தைக்கூடப் பார்க்கவில்லை. படங்களைத் தேடுபொறியில் போட்டுத் தேடினால் வேறு யாருடையது என்பதும் தெரியவரும்.

காசு கொடுக்கும் முன்

பொருளடக்கமும் மாதிரிப் பக்கமும் காட்டாத எதையும் வாங்க வேண்டாம். மாதிரிப் பக்கத்திலிருந்து கொஞ்சம் விசித்திரமான ஒரு வாக்கியத்தை எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். மொழிபெயர்ப்பு என்று தோன்றினால் அந்த வாக்கியத்தை மூலமொழியில் திருப்பித் தேடுங்கள். ஒரே உரையை யார் வேண்டுமானாலும் தன் பெயர் போட்டு விற்கலாம் என்ற உரிமத்தோடு மொத்தமாக விற்கப்படும் மின்னூல்கள் உண்டு. மூன்று ஆசிரியர் பெயரில் ஒரே பத்தி கிடைத்தால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

மதிப்புரைகளில் கவனம். "வாங்கலாமா? எங்கள் நேர்மையான அலசல்" என்ற தலைப்புள்ள பக்கத்தின் கடைசியில் வாங்கும் இணைப்பு இருந்து, அதில் நீண்ட அடையாளக் குறி தொங்கினால் அலசியவருக்குத் தரகு போகிறது. தரகு வாங்குவது குற்றமல்ல, அதை மறைப்பதுதான் சந்தேகம். ஒரு குறைகூடச் சொல்லாத அலசலை விளம்பரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்துகொண்டே வரும் நேரக்கடிகாரம், "இன்னும் மூன்று பிரதிகளே" (மின்னூலுக்கு ஏது பிரதிக்கணக்கு?), ஏழு இலவச இணைப்பு நூல்கள், "பண்ணைகள் மறைக்கும் ரகசியம்" எல்லாம் ஒரே குடும்பம். ஆர்க்கிட் வளர்ப்பில் ரகசியம் என்று எதுவும் மிச்சமில்லை.

எழுதியவரிடம் ஒரு கேள்வி அனுப்புங்கள். மேலே எழுதிய தாளிலிருந்து எடுத்து, ஆனால் வேண்டுமென்றே ஒரு தகவலை விட்டுவிட்டு: "பட்டையில் இருக்கும் ஆன்சிடியத்தின் புது இலைகள் மடிந்து மடிந்து வருகின்றன, ஏன்?" ஆன்சிடியம் வகைகளில் இப்படி விசிறி மடிப்பாக இலை வருவது, வளரும் நேரத்தில் தண்ணீர் போதாததன் அடையாளம். ஆனால் தண்ணீர் ஊற்றாததாலும் வரும், வேர் அழுகி உறிஞ்ச முடியாததாலும் வரும். "வேரைப் பார்த்தீர்களா?" என்று பதில் வந்தால் அவருக்குக் காசு கொடுக்கலாம். "தண்ணீரைக் கூட்டுங்கள்" என்று மட்டும் வந்தால் யோசியுங்கள். "அது நூலில் இருக்கிறது, வாங்கிப் படியுங்கள்" என்றால் முடிந்தது.

எதற்குத்தான் காசு கொடுக்கலாம்? உங்கள் வெப்பநிலைக்கும் உங்கள் பேரினத்துக்கும் பொருந்தும் பருவ அட்டவணை, ஒரே செடியைத் தொட்டி மாற்றும் முன்னும் பின்னும் மாதக்கணக்கில் எடுத்த படவரிசை, நோய்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் காட்டும் தெளிவான படங்கள், செடியைக் காட்டிக் கேள்வி கேட்க நேரம். இவற்றுக்கு உழைப்பு தேவை, இலவசத்தில் ஒழுங்காகக் கிடைப்பதும் அரிது. பொதுவான வளர்ப்புக் குறிப்புகள் எத்தனை பக்கம் இருந்தாலும் அதில் சேராது. தன் செடிகளில் எவை செத்தன, ஏன் என்று எழுதியிருக்கும் நூலுக்குக் கூடுதல் மதிப்பெண்.

இன்னொன்று. காட்டிலிருந்து செடி எடுத்து வரச் சொல்லும், அல்லது நாடு கடந்து அனுமதியின்றி வாங்க வழி சொல்லும் வழிகாட்டியை மூடிவிடுங்கள். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியல்களில் இருக்கிறது. பேஃபியோபெடிலம் சிற்றினங்கள் மிகக் கடுமையான முதல் பட்டியலில்.

வாங்கிய பிறகு

புது முறையை எல்லாச் செடிக்கும் ஒரே நாளில் செய்யாதீர்கள். ஒரே வகையில் இரண்டு இருந்தால் ஒன்றில் மட்டும் செய்யுங்கள், அதிலும் ஒரே ஒரு மாற்றம். தண்ணீர், உரம், இடம் மூன்றையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. தேதி போட்டு, ஒரே கோணத்தில் படம் எடுத்து வையுங்கள். தண்ணீர் முறை மாறியதன் விளைவு வேர்நுனிகளில் மூன்று நான்கு வாரத்தில் தெரியும். தொட்டி மாற்றியதற்கு இரண்டு மூன்று மாதம். வெளிச்சமும் வெப்பமும் பூவில் காட்டுவதற்கு ஒரு முழு ஆண்டு.

பணம் திரும்பக் கேட்கும் கெடுவோ பெரும்பாலும் சில வாரங்கள்தான். அதற்குள் செடி எந்தத் தீர்ப்பும் சொல்லியிருக்காது. எனவே நூல் கைக்கு வந்த முதல் வாரத்திலேயே உர அளவு, லக்ஸ் எண், கத்தரிச் சுத்தம், விதை, பூக்கவைத்தல் ஆகிய பக்கங்களைக் கணிப்பானோடு உட்கார்ந்து பாருங்கள். கெடுவுக்குள் பணத்தைக் கேட்பதானால், எந்தப் பக்கத்தில் எந்த அளவு எப்படித் தவறு என்று குறிப்பிட்டு எழுதுங்கள். "பிடிக்கவில்லை" என்பதற்கு விற்றவர் சாக்குச் சொல்லலாம். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி என்பதற்குச் சொல்ல முடியாது.